பாதி விலை மடக்கு இ-சைக்கிளில் எது குறைகிறது?

"இந்த மடக்கு இ-சைக்கிள் பார்க்க அப்படியே பெரிய கம்பெனி வண்டி மாதிரி இருக்குது சார், விலை மட்டும் கம்மி. வாங்கலாமா?" மின் இருசக்கர வாகனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னையில் கிண்டி, அம்பத்தூர், ஓஎம்ஆர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை, அப்புறம் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரை என்று துண்டு துண்டான பயணம். ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்காமல் ஓட்டிப்போய், மடக்கி மேசைக்கடியில் வைத்துவிடலாம் என்ற யோசனை நல்ல யோசனைதான். ஆனால் வாங்கலாமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. அந்த வண்டியில் எங்கே காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே விற்கும் நகல்கள் பலவற்றுக்கும் முன்மாதிரி லண்டனில் செய்யப்படும் பிராம்ப்டன். ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1970களின் நடுவில் வடிவமைக்கத் தொடங்கிய, மூன்றாக மடியும் சைக்கிள் அது. அதன் மின் வடிவத்துக்கு அந்த ஊரிலேயே சுமார் 3,000 பவுண்டு ஆகும், நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். மடிப்பு முறைக்கான காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் வேறு கம்பெனிகளும் அதே பாணியில் செய்கின்றன. வடிவத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. வடிவமைத்தவரின் சொந்தப் படைப்பாற்றல் அதில் இருந்தால் உண்டு என்று 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. அந்தச் சண்டை அவர்களுடையது. சொந்தப் பெயரைப் போட்டு, செய்தவர் யார், இறக்குமதி செய்தவர் யார் என்று முகவரியோடு விற்கும் நகலை நான் நகல் என்பதற்காகவே ஒதுக்குவதில்லை. பெயரே இல்லாத வண்டியும், அடுத்தவர் பெயரை ஒட்டிய வண்டியும்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. அவற்றில் பெயிண்ட், சீட், டிஸ்ப்ளே எல்லாம் நன்றாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கை வைத்திருப்பார்கள்.

முதலில் பேட்டரி. 36 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே பத்து லித்தியம் செல்கள் தொடராக இருக்கும். அப்படிப் பத்துப் பத்தாக எத்தனை வரிசை என்பதைப் பொறுத்து ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு, கூடும். 18650 எனப்படும் செல் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர்-மணிதான் கொடுக்கும். 9,900 என்று அச்சிட்ட செல்களைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், பொய். '36 வோல்ட், 20 ஆம்பியர்-மணி' என்று விளம்பரம் செய்தால் உள்ளே ஆறு வரிசை, அதாவது குறைந்தது அறுபது செல் இருக்க வேண்டும். ஒரு செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும், ஆக செல்களின் எடையே மூன்று கிலோவை ஒட்டி வரும். பேட்டரியைக் கழற்றித் தராசில் வையுங்கள். பெட்டியோடு சேர்த்து இரண்டு கிலோதான் காட்டுகிறது என்றால் எழுதியிருப்பது உள்ளே இல்லை. பேட்டரியைத் திறக்காமல், கடையிலேயே, இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

நான் திறந்து பார்த்த மலிவு பேட்டரிகளில் பழைய லேப்டாப் செல்களுக்குப் புது உறை மாட்டியவை உண்டு. ஒரு செல் களைத்திருக்கும், பக்கத்துச் செல் தெம்பாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்து, அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் பிஎம்எஸ் போர்டின் வேலை. மிச்சம் பிடிக்கும்போது முதலில் பலியாவதும் அதுதான். பெயருக்கு ஒரு போர்டு இருக்கும், வெப்ப உணரி இருக்காது. அப்போது ஏதோ ஒரு செல் மட்டும் 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் ஆகிக்கொண்டே போகும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

நம் ஊர் வெயில் இதைக் கூட்டுகிறது. பெரும்பாலான லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கிறது. வெயிலில் நின்ற வண்டியின் கறுப்புப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வந்த வேகத்தில் பிளக்கில் மாட்டாதீர்கள், ஒரு மணி நேரம் ஆறட்டும். இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுத் தூங்குவதும், அபார்ட்மென்ட் படிக்கட்டுக்கு அடியிலோ வாசல் கதவுக்குப் பக்கத்திலோ சார்ஜ் போடுவதும் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் புகையில் இறந்துபோனார்கள். நியூயார்க்கில் 2023இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ 18 பேரைக் கொன்றது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் சான்று பெறாத இ-சைக்கிளையும் பேட்டரியையும் அங்கே விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

அடுத்தது கீல். மடக்கு சைக்கிளில் பாரம் முழுவதும் அந்த ஓர் இடத்தின் வழியாகத்தான் போகிறது. 6061 வகை அலுமினியத்தை வெல்டிங் செய்தால் பற்றவைத்த இடத்தைச் சுற்றி வலு குறைந்துவிடும். மறுபடி சூட்டுப் பதம் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். அதற்கு உலை வேண்டும், நேரம் வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் விட்டால் விலை குறையும். மேலே அடித்த பெயிண்டில் வித்தியாசமே தெரியாது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ஆற்காடு சாலையில் 16 அங்குலச் சக்கரத்தோடு போனால் ஒவ்வொரு பள்ளமும் நேராகக் கீலில் இடிக்கும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில், தலைமுடி போன்ற கோடாகத் தொடங்கும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீல் மேல் ஒரு விரலை வைத்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் ஓட்ட வேண்டாம். ஹேண்டில் தண்டின் கீலுக்கும் இதே சோதனை. அது ஓட்டத்தில் திறந்துகொண்டால் நேராக முகம் தரையில் படும். அதனால் லீவர் தவிர இரண்டாவதாக ஒரு பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் முன்சக்கரத்தில் இருந்தால், அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்கும் டார்க் வாஷரையும் தேடுங்கள். மலிவு வண்டிகளில் அது இல்லாமல், ஃபோர்க்கின் பிடிப்பு தேய்ந்து, வயர் முறுக்கி அறுந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

'ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர்' என்பதை நம்பாதீர்கள். மிதிக்காமல் த்ராட்டிலில் மட்டும் போனால் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-மணி வரை செலவாகும். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது, இரண்டையும் பெருக்கினால், 280 வாட்-மணி. அப்படியென்றால் இருபது கிலோமீட்டர் சொச்சம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்விடலாம், திரும்பி வர முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தின் சான்றும் இருந்தால்தான் நம்பர் பிளேட், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம். புனேயின் ஏஆர்ஏஐ போல, நம் ஒரகடத்திலும் ஜிஏஆர்சி என்ற மையம் இருக்கிறது. சான்றின் நகலைக் கேளுங்கள், அதிலுள்ள மாடல் பெயரும் வண்டியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "ஸ்பீட் லாக்கை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும்" என்று கடைக்காரர் ஆசை காட்டினால், அவர் பதிவும் இன்ஷூரன்சும் இல்லாத மோட்டார் வாகனத்தை உங்களுக்கு விற்கிறார் என்று பொருள். நாளை யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு உங்கள் கையிலிருந்துதான் போகும். சார்ஜரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும்.

பட்ஜெட் குறைவு என்றால் நான் சொல்வது இதுதான்: மோட்டார் இல்லாத நல்ல மடக்கு சைக்கிள் வாங்குங்கள், சென்னை சமதளமான ஊர். மோட்டார் கட்டாயம் வேண்டுமா, மடக்குவதை விட்டுவிட்டு, சர்வீஸ் சென்டர் உள்ள சாதாரண இ-சைக்கிளைப் பாருங்கள். மடக்கவும் வேண்டும், மோட்டாரும் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும் என்றால் மூன்றும் பாதுகாப்போடு சேர்ந்து கிடைப்பதை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பதற வேண்டாம். சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில், வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி, முழுச் சார்ஜ் ஆனதும் அளந்து பாருங்கள். 36 வோல்ட் பேட்டரி 42ஐத் தாண்டக் கூடாது. தாண்டினாலும், பெட்டி உப்பினாலும், இனிப்பான ரசாயன வாசனை வந்தாலும் அதோடு சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள். மழை வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியும் அப்படித்தான், காய்ந்த பிறகு ஓடினாலும் நம்பக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். விற்றவர் பொறுப்பேற்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். கெட்டுப்போன பேட்டரியை மட்டும் மாநகராட்சிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அள்ளுகிற தூய்மைப் பணியாளர் பக்கத்திலேயே நிற்பார். பேட்டரிக் கழிவு எடுக்க அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுங்கள்.