வேலையால் வரும் முட்டு (ஆஸ்துமா): சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

மிளகாய் மில்லில் நிற்பவர், பேக்கரியில் மா குழைப்பவர், கராஜில் ஸ்பிரே பெயின்ற் அடிப்பவர், தச்சுப் பட்டறையில் மரம் சீவுபவர், நண்டு அவிக்கும் ஆவிக்குள் நிற்கும் பெண்கள். யாழ்ப்பாணத்தில் இவர்களுக்கு முட்டு வந்தால் பரம்பரை வருத்தம் என்போம், பனி என்போம். பம்ப் அடித்துவிட்டு மறுநாளும் அதே இடத்துக்குத்தான் போவார்கள். வளர்ந்தவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு வேலைத்தலமே காரணம் என்று சர்வதேச ஆய்வுகள் மதிப்பிட்டிருக்கின்றன.

மாத்தூசு, மரத்தூள், பெயின்றில் உள்ள ஐசோசயனேற்று என்ற இரசாயனம் போன்றவற்றுக்கு உடம்பு உடனே எதிர்ப்புக் காட்டாது. சில மாதங்கள், சிலருக்கு வருடங்கள் எடுக்கும். "இவ்வளவு காலம் ஒன்றும் வரவில்லையே" என்று முதலாளி சொல்வது அதனால்தான் சரியான வாதம் அல்ல. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் சிறிதளவு பட்டாலும் நெஞ்சு இறுகும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, இரவிலேகூட இழுப்பு வரலாம். லீவு நாட்களில் சுகமாகி, வேலைக்குத் திரும்பியதும் கூடினால் அதுதான் முக்கியமான அடையாளம். முன்பே ஆஸ்துமா இருந்தவருக்கும் புகையும் தூசும் அதைக் கூட்டும்.

இனிச் சட்டம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, தூசும் புகையும் தொழிலாளியின் மூச்சில் போகாமல் தடுப்பது முதலாளியின் கடமை. பெரிய ஆலைகளுக்கு மட்டுமான சட்டம் அல்ல இது. ஆட்களைக் கூலிக்கு வைத்துப் பொருள் செய்யும், திருத்தும் பட்டறைகளும் இதற்குள் வரும். தூசு கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றுவதுதான் முறை. சாதாரண துணி மாஸ்க்கைக் கொடுத்துக் கைகழுவுவது போதாது, பெயின்ற் ஆவியை அது மறிக்காது. முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கொடுக்கலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லிவையுங்கள்.

நட்டஈடு வேறு சட்டம்: 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்களுக்கும் இதில் இடம் உண்டு. எந்த நோய், எந்த வேலை என்பதை அதன் அட்டவணை சொல்கிறது. 2022 திருத்தத்தோடு நட்டஈட்டின் உச்சவரம்பு 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது. வாய்ப்பேச்சில் வேலைக்குச் சேர்ந்தவரும் கேட்கலாம், நியமனக் கடிதம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு இது கிடையாது. என் பார்வையில் எங்கள் ஊர்ச் சிறு தொழிலாளர்களுக்கு அது பெரிய குறை. முடிவு செய்பவர் வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளர். முதலாளி ஒரு தொகையைத் தந்து கடதாசி நீட்டினால், ஆணையாளர் அலுவலகத்திடம் கேட்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

இதில் எல்லாம் தங்கியிருப்பது சாட்சியத்தில். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் பலருடைய கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயர் இருக்கும், தொழில் இருக்காது. வைத்தியரிடம் என்ன வேலை, எந்தத் தூசு, எத்தனை வருடம், லீவில் எப்படி இருக்கிறது என்று நீங்களே சொல்லி, எழுதச் சொல்லுங்கள். மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் சிறிய 'பீக் ஃப்ளோ' கருவியால் நாளுக்கு நான்கு தடவை, சுமார் நான்கு கிழமைக்கு, வேலை நாளிலும் லீவு நாளிலும் அளந்து குறித்தால் வித்தியாசம் தாளிலேயே தெரியும். பாவித்த பெயின்ற் ரின்னின் லேபிளைப் போனில் படமெடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டு, சேமலாப நிதிப் பதிவு, கூட வேலை செய்தவரின் வாக்குமூலம், எதையும் எறிய வேண்டாம்.

நோய் உறுதியாகும்வரை வேலையை விட்டுவிடவும் வேண்டாம். வேலையில் இருக்கும்போது எடுத்த அளவுகள் இல்லாமல் காரணத்தை நிறுவுவது கடினம். கடுமையான இழுப்பு வந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் உடனே விலகி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உறுதியான பிறகு தாமதிக்காமல் அந்தத் தூசிலிருந்து விலகுபவருக்கே சுகம் வரும் வாய்ப்பு அதிகம். அதே இடத்தில் வேறு பிரிவுக்கு மாற்றித் தரும்படி வைத்தியரின் கடிதத்தோடு முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.