உள்ளே முறிந்து நிற்கும் ஸ்டட்: எதை வைத்து எடுப்பது?

பைக்கில் சைலன்சரைக் கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஸ்டட் (மரை, அதாவது திருகுப் புரி, வெட்டிய கம்பி; தலைக்குப் பதில் நட்டு மாட்டுவது) முறிவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற விஷயம். நட்டோடு சேர்ந்து பாதி கையில் வந்துவிடும், மீதி அலுமினியத்துக்குள் நிற்கும். உடனே பலரும் தேடுவது ஈசி அவுட்டைத்தான், அதாவது முறிந்த துண்டில் துளை போட்டு அதற்குள் செருகித் திருப்பி எடுக்கும் கருவியை. இந்த இடத்தில் முதலில் கையில் எடுக்கக் கூடாத கருவியே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் புரிய வேண்டுமானால், ஸ்டட் எப்படி முறிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போல்ட்டை இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, தலைக்கு அடியில் உராய்விலேயே தீர்ந்துவிடும். இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வில் போகும். போல்ட்டை நீட்டப் பயன்படுவது சுமார் 10 சதவீதம்தான். தலை போய்விட்டால் தலையடி உராய்வு இல்லை, இழுவிசையும் இல்லை. மரை சுத்தமாக இருந்தால், உள்ளே நிற்கும் துண்டைப் பிடித்துவைக்க எதுவுமே இல்லை.

அதனால் முதலில் வேண்டியது ஒரு டார்ச் லைட். முறிந்த முகத்தை நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக, வளைவு வளைவாகக் கோடுகளோடும், மீதி சொரசொரப்பாகவும் இருந்தால், அது அதிர்வில் நாள்பட்டு விரிசல் வளர்ந்து உடைந்தது. மரை இறுகியிருக்க வாய்ப்பு குறைவு. கூரான பஞ்ச் உளியை ஓரத்தில் வைத்து இடப்பக்கமாகத் தட்டினாலே பல சமயம் சுழன்று வந்துவிடும். மாறாக, முகம் தட்டையாக, சுழித்த கோடுகளோடு இருந்தால் அது முறுக்கில் அறுந்தது. அதாவது, உள்ளே இருக்கும் பிடி ஸ்டட்டின் முழு பலத்தையும் மிஞ்சிவிட்டது. சைலன்சர் ஸ்டட் பெரும்பாலும் இந்த வகைதான்.

அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? இரும்பு துருப்பிடித்தால், கரைந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு கேட்கும். மரைகளுக்கு நடுவில் அந்த இடம் கிடையாது. அலுமினியத்துக்குள் எஃகு இருந்து, ஈரமும் உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். இரண்டு உலோகங்களும் ஒரு சின்ன பேட்டரியைப் போல வேலை செய்ய, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக மாறி இடுக்கை அடைத்துவிடும். கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரமே வந்துவிடுகிறது.

இப்போது ஈசி அவுட்டுக்கு வருவோம். 6 மில்லிமீட்டர் ஸ்டட்டின் மரையடி விட்டம் (மரையின் பள்ளத்தில் அளந்தது) சுமார் 4.8 மில்லிமீட்டர். அதன் நடுவில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, அதற்குள் ஈசி அவுட்டைச் செருகித் திருப்ப வேண்டும். ஒரு கம்பி தாங்கக்கூடிய முறுக்கு அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் தாங்கும் முறுக்கு எட்டில் ஒன்றாகிவிடும். 3-ஐ 4.8-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் சுமார் 0.24. ஈசி அவுட்டின் எஃகு ஸ்டட்டைவிட இரண்டு மடங்கு வலிமையானது என்றே வைத்துக்கொண்டாலும், முழு ஸ்டட் தாங்கிய முறுக்கில் பாதியைக்கூட அது தாங்காது. முழு ஸ்டட்டையே அறுத்த பிடியை இது எப்படி வெல்லும்?

போதாததற்கு அதன் வடிவமும் நமக்கு எதிராக வேலை செய்கிறது. அது கூம்பு. திருகத் திருக உள்ளே இறங்கி, துண்டை வெளிப்பக்கமாக விரித்து மரையோடு இன்னும் இறுக்கும். கடைசியில், கடினமாக்கப்பட்ட அந்த எஃகு வளையாது, பட்டென்று உள்ளேயே ஒடிந்துவிடும். அப்புறம் சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கும், வெட்டாது. மரை இறுகாமல் தலை மட்டும் போன போல்ட்டுக்கு ஈசி அவுட் அருமையான கருவி. இறுகிய ஸ்டட்டுக்கு அல்ல.

இறுகியதை விடுவிக்க முதல் ஆயுதம் வெப்பம். ஒவ்வொரு டிகிரிக்கும் எஃகு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும், அலுமினியம் 23 பங்கு. சிலிண்டர் ஹெட்டை 150 டிகிரி சூடேற்றினால், 6 மில்லிமீட்டர் துளை ஸ்டட்டைவிடச் சுமார் 0.01 மில்லிமீட்டர் கூடுதலாக விரியும். கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் துருவும் வெள்ளைப் பொடியும் நொறுங்கும் பொருள்கள், இழுத்தால் நீளாது, விரிசல் விடும். அந்த விரிசலில்தான் எண்ணெய் புகுந்து இறங்கும். எண்ணெயை மட்டும் தெளித்துவிட்டு உடனே திருப்புவதில் பெரிய பயன் இல்லை. தெளித்து, தட்டி, ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பலன் தெரியும். ஒரு எச்சரிக்கை: அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது, நிறம் மாறாமலே உருகிவிடும். அதனால் சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி அப்பால் வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

ஸ்டட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, விளிம்போடு சமமாக நின்றாலோ, என் முதல் தேர்வு வெல்டிங். ஒரு வாஷரை வைத்து, அதன் மேல் நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக ஸ்டட்டோடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பது இங்கே நமக்கு வசதி. பிடித்துத் திருப்ப ஒரு தலை கிடைக்கிறது என்பது பாதி லாபம்தான். ஸ்டட் செஞ்சூடாகி, விரிய இடமில்லாமல் நசுங்கி, ஆறும்போது முன்பைவிடச் சுருங்குவது மீதி லாபம். ஆறியதும் முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தால் வந்துவிடும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மின்னணுப் பாகங்களுக்கு ஆபத்து.

உள்ளே ஆழத்தில் முறிந்திருந்தால் ட்ரில் தவிர வழியில்லை. அப்போது இடதுகைப் பிட் வாங்குங்கள். அது கழற்றும் திசையிலேயே சுழன்று வெட்டும். வெட்டும் சூட்டிலும் இழுப்பிலும் சில சமயம் துண்டு தானே சுழன்று வெளியே வந்துவிடும். தலையில் 8.8 என்று வலிமைக் குறி உள்ள போல்ட்டைச் சாதாரண ஹைஸ்பீடு பிட்டே வெட்டும். 12.9 என்றால் கோபால்ட் கலந்த பிட் வேண்டும். எதுவானாலும் நடு தவறக் கூடாது. எஃகைவிட அலுமினியம் மென்மையானது என்பதால், பிட் கொஞ்சம் விலகினாலும் அந்தப் பக்கமே ஓடிவிடும். லேத்தில் ஒரு புஷ் (நடுவில் ஓட்டையுள்ள குழாய்த் துண்டு) கடைந்து, அதை வழிகாட்டியாக வைத்துத் துளையிடுவது நல்லது. நடு சரியாக விழுந்தால், 6 மில்லிமீட்டர் மரைக்கு 5 மில்லிமீட்டர் வரை துளையைப் பெரிதாக்கி, மிஞ்சிய மெல்லிய சுருளை நெம்பி எடுத்துவிட்டு, மரை வெட்டும் கருவியான டேப் விடலாம். மரை கெட்டுப்போனால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஈசி அவுட் உள்ளே ஒடிந்திருந்தால்? மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எந்திரம் இருக்கும் டூல் ரூமைத் தேட வேண்டியதுதான். எவ்வளவு கடினமான எஃகையும் அது தொடாமலே கரைத்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூவர் இந்த வகை எந்திரத்தை உருவாக்கியதே, அலுமினிய வார்ப்புகளுக்குள் ஒடிந்த பிட்களையும் டேப்களையும் எடுப்பதற்காகத்தான்.

புது ஸ்டட் போடும்போது மரையில் செம்புத்தூள் கலந்த கிரீஸ் தடவி, பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை இந்தப் பாடு குறையும். ஆனால் கிரீஸ் தடவிய மரையில் உராய்வு குறைவு. வழக்கமான முறுக்கையே கொடுத்தால் ஸ்டட் அளவுக்கு மீறி நீண்டுவிடும், அதனால் கையைக் கொஞ்சம் குறைத்தே இறுக்குங்கள்.