பாம்பு கடித்தால் மதம் பார்க்காதீர்கள்

போன வாரமும் ஒன்று. தாண்டிக்குடிக்குக் கீழே காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா. காலில் பாம்புக்கடி. வழியில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டி, ஜீப்பில் மலையிறங்கி எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வந்து சேரும்போது இமை சரிந்து பேச்சு குழறிவிட்டது. செயற்கை சுவாசம் வைத்துத்தான் மீட்டோம். ஏன் மேலேயே காட்டவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் சார் ஜெபம் பண்ணி ஊசி போடுவீங்க. கவர்மெண்ட் மருந்து கேக்காது" என்றார் மகன்.

ஜெபம் உண்டுதான். காலையில் ரவுண்ட்ஸுக்கு முன்னால், பெரும்பாலும் எங்கள் பதற்றம் தணிய. மருந்துக்கு அதில் பங்கில்லை. பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் எடுக்கிற பாம்பு விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தித் தயாரிக்கும் அதே விஷமுறிவு மருந்துதான் எல்லா இடத்திலும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அது ஒன்றே. (மலையில் கடிக்கும் குழிவிரியனுக்கு அது கேட்காது. யார் போட்டாலும் கேட்காது.) குப்பியில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்தால் வீரியம் குறைந்துவிடுமா? முதல் தவணையே 8 முதல் 10 குப்பி. அங்கே இலவசம், இங்கே பில்.

ஆமாம், பில். மிஷன் என்றால் இலவசம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏராளம். எங்கள் சம்பளமே நோயாளிகள் கட்டும் பணத்தில்தான் வருகிறது. முடியாதவர்களுக்குச் சலுகை உண்டு, கேளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பழனிக்கு மாலை போட்டவர், மதம் மாற்றிவிடுவார்கள் என்று வாசலிலேயே திரும்பிப் போகிறார். ஐயா, டிஸ்சார்ஜ் சீட்டில் சாமி பெயரா எழுதுகிறோம்? அவசர சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அது எங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் கிறிஸ்தவ மருத்துவர்கள் ஆஸ்பத்திரி தொடங்கியபோது இந்த அடிவாரத்துக்கு அது பெரிய வரம். அதற்காக, சேவை என்றாலே மிஷன்தான் என்று நினைக்க வேண்டாம். நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-லிருந்து எந்த மதச் சார்பும் இல்லாமல், ஆதிவாசிப் பெண்களையே நர்ஸுகளாகப் பயிற்றுவித்து நடக்கிறது.

சரி, கடித்தால் என்ன செய்வது? கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள். கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, மிக அருகில் இருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்தை ஆரம்பித்துவிட்டு, தேவைப்பட்டால் அவர்களே கீழே அனுப்புவார்கள். தயவுசெய்து அவர்கள் எழுதித் தரும் சீட்டை ஜீப்பிலேயே விட்டுவிடாதீர்கள். எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு ஏறியது என்று தெரியாமல் அடுத்த தவணையை நான் முடிவு செய்ய முடியாது.