மடியில் இருந்த குழந்தை

"கெட்டியாத்தான் டாக்டர் பிடிச்சிருந்தேன்."

அந்த அம்மா இதை மூன்று முறை சொன்னார். முன் சீட்டில், மடியில் ஒரு வயதுக் குழந்தை. முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தில் கார் மோதியிருக்கிறது. குழந்தைக்குத் தலையில் அடி, காறை எலும்பு முறிவு. அம்மாவின் வலது கையில் இரண்டு நகங்கள் பிய்ந்திருந்தன. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் தான் கையை விட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. "யார் பிடிச்சிருந்தாலும் இதுதாம்மா நடந்திருக்கும்" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, கணக்கே அப்படித்தான்.

ஓடும் காரில் மடியில் இருக்கும் குழந்தையும் காரின் வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது. கார் நின்றால் குழந்தை தானாக நின்றுவிடாது, ஏதாவது ஒன்று அதை நிறுத்த வேண்டும். நியூட்டன் 1687-ல் வெளியிட்ட முதல் விதி இது, நாமெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். எவ்வளவு விசை வேண்டும் என்பதை இரண்டாம் விதி சொல்கிறது: நிறையையும், வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதையும் பெருக்க வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். மோதும்போது காரின் முன்பக்கம் நசுங்கி, சுமார் 60 சென்டிமீட்டருக்குள் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆகும் நேரம் பத்தில் ஒரு நொடிகூட இல்லை. அந்த நேரத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, 160 கிலோவைத் தூக்கும் அளவு விசை வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஆறு, அதற்கு மேலும் கொஞ்சம்.

சடன் பிரேக் போடும்போதெல்லாம் குழந்தையைப் பிடித்துவிடுகிறோமே என்று பெற்றோர் கேட்பார்கள். நம்மை ஏமாற்றுவதே அந்த அனுபவம்தான். எவ்வளவு அழுத்திப் பிரேக் போட்டாலும் அதே குழந்தைக்குத் தேவைப்படுவது எட்டு கிலோ அளவு விசைதான், கை தாங்கிவிடும். மோதல் அதைப்போல 20 மடங்கு.

சிலர் தங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்து மாட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 60 கிலோ எடையுள்ள தாய் மோதலின்போது ஏறக்குறைய ஒரு டன் அழுத்தத்தோடு முன்னால் வருவார். பெல்ட்டுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது குழந்தையின் வயிறு. முன் சீட்டென்றால் ஏர்பேக் வேறு இருக்கிறது. பெல்ட் போட்ட பெரியவரின் உடம்பை மனதில் வைத்துச் செய்த அது, மடியில் இருக்கும் குழந்தையின் முகத்தில்தான் வெடித்து விரியும்.

பெல்ட் செய்வது, காரின் அந்த 60 சென்டிமீட்டரை உடம்புக்கும் வாங்கித் தருவது. அது இல்லாமல் டேஷ்போர்டில் மோதி 10 சென்டிமீட்டருக்குள் நின்றால் விசை ஆறு மடங்கு. கைக்குழந்தைக்கு பெரியவர்களின் பெல்ட் பொருந்தாது. பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் குழந்தை இருக்கைதான் சரி. கனமான தலையையும் இளம் கழுத்தையும் முதுகோடு சேர்த்து அது முழுவதுமாகத் தாங்கிக்கொள்ளும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்று 2019 சட்டத்திருத்தமும் சொல்கிறது, மீறினால் 1,000 ரூபாய் அபராதம்.

அந்தக் குழந்தை வீட்டுக்குப் போன நாளில், உறவினர் ஒருவரின் கார் வந்திருந்தது. புது இருக்கை வாங்கி வைத்திருந்தார்கள், ஆனால் பின் சீட்டில் பெல்ட் மாட்டும் கொக்கியைக் காணோம். சீட் கவர் அதை மூடியிருந்தது. நானும் குழந்தையின் அப்பாவும் கையை விட்டுத் தேடினோம். கார் வாங்கியதிலிருந்து யாரும் தொட்டதே இல்லையாம். கவரைக் கத்தரித்து வெளியே எடுத்தோம். பெல்ட்டை இழுத்து மாட்டியதும் 'க்ளிக்' என்றது. அந்த அம்மா எட்டிப் பார்த்து, இன்னொரு முறை இழுத்துக் காட்டச் சொன்னார்.