ஷான்சொன் என்றால் பாட்டுதான்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில், காஸ்பெசி தீபகற்பத்தின் வடகரையில் பெத்தித்-வாலே என்றொரு ஊர் இருக்கிறது. பெயருக்குச் சின்னப் பள்ளத்தாக்கு என்று பொருள். இருநூறு பேர்கூட இல்லாத ஊர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் செயின்ட் லாரன்ஸ் ஆறு கடலாக விரிந்து கிடக்கும் நீர். 1983 முதல் அங்கே கோடையில் ஒரு விழா நடந்துவருகிறது. விழாவின் பெயர் 'ஃபெஸ்திவால் ஆன் ஷான்சொன்'.

இந்தப் பெயரைத் தமிழில் எழுதப்போனால் கை தானாகவே 'பிரெஞ்சு மெல்லிசை விழா' என்று எழுதிவிடும். அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை ஷான்சொன் என்ற சொல்லின் கதையே சொல்லிவிடும்.

முதலில் உச்சரிப்பைப் பார்த்துவிடலாம். 'சான்சன்' என்றும் 'சேன்சன்' என்றும் எழுதுகிறார்கள். பிரெஞ்சில் இதற்கு இரண்டே அசை. எழுத்தில் ன் இருந்தாலும் இரண்டு அசையிலும் அதன் ஒலி கிடையாது. உயிரெழுத்து மூக்கு வழியாக வருகிறது, அவ்வளவுதான். இது நமக்குப் புதிதல்ல. 'வந்தான்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி ன் நாக்கில் படுவதே இல்லை, ஆகாரம் மூக்கோடு முடிந்துவிடுகிறது. முதல் அசையான 'ஷான்' அப்படித்தான் ஒலிக்கும். 'மரம்', 'பணம்' என்று வீட்டில் பேசுவதுபோலச் சொல்லிப் பாருங்கள். உதடு மூடாது, ஒகரம் போன்ற ஒரு மூக்கொலியில் சொல் நின்றுவிடும். இரண்டாவது அசையான 'சொன்' அதுவே. தமிழ் எழுத்தில் 'ஷான்சொன்' என்று எழுதி, பேச்சுத் தமிழின் மூக்கொலியோடு வாசித்தால் பாரிஸ்காரர் காதுக்கும் சரியாகவே கேட்கும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. பாடுவதற்கு அங்கே 'கனெரே' என்றும், அதிலிருந்து பிறந்த 'கன்தாரே' என்றும் வினைகள் உண்டு. பாடப்படுவது 'கன்தியோ'. லத்தீனில் அகரத்துக்கு முன் நின்ற ககர ஒலி, பாரிஸ் பக்கத்துப் பேச்சில் காலப்போக்கில் ஷகரமாக மாறியது. 'கத்துஸ்' என்ற பூனை 'ஷா' ஆனது. 'கபல்லுஸ்' என்ற குதிரை 'ஷெவால்' ஆனது. 'கன்தாரே' 'ஷான்தே' ஆனது. அதே வழியில் கன்தியோ ஷான்சொன் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்து மொழிகள் பழைய ககரத்தை விடவில்லை. இத்தாலியில் கன்ஸோனே, ஸ்பெயினில் கன்சியோன், தெற்குப் பிரான்சின் ஆக்ஸிதான் மொழியில் கன்சோ. எல்லாம் ஒரு தாய் மக்கள்.

ஆக, பாடு என்ற வினையிலிருந்து பாட்டு வந்ததுபோலத்தான் அங்கேயும் வந்திருக்கிறது. ஒற்றுமை இத்தோடு நிற்கவில்லை. நமக்குப் பாட்டு என்றால் பாடுவது மட்டுமா? செய்யுளும் பாட்டுதான். 782 அடி கொண்ட மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டில் ஒரு பாட்டு. பிரெஞ்சிலும் இதே கதை. 1100-ஐ ஒட்டிய காலத்தில் எழுந்த ரோலான் என்ற வீரனின் கதைப்பாடல், ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள சுவடியில் 4002 அடி வருகிறது. அதையும் ஷான்சொன் என்றே சொல்கிறார்கள். ஊர் ஊராகப் போன பாடகர்கள் அந்த வகைக் கதைப்பாடல்களை நரம்புக் கருவியோடு பாடி வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் சொல் கொஞ்சம் திசைமாறி, நான்கு குரல் பின்னிப் பாடும் அரண்மனை இசைக்குப் பெயரானது. பியேர் அத்தேன்யான் என்ற அச்சகத்தார் 1528இல் பாரிஸில் அப்படிப்பட்ட பாட்டுகளைப் புத்தகமாகவே போட்டார். மேற்கத்திய செவ்விசை படிப்பவர்கள் இன்றும் ஷான்சொன் என்றால் அதைத்தான் நினைப்பார்கள். விழாக்காரர்கள் சொல்வது அதையல்ல.

விழாக்காரர்களின் ஷான்சொன் தெருவிலிருந்தும் மதுக்கடையிலிருந்தும் வந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாட்டுக் கட்டியவர்களுக்கு 'ஷான்சொனியே' என்று பெயர். அவர்கள் பெரும்பாலும் புது மெட்டுப் போடுவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்து, அதில் புதுச் சொல்லை ஏற்றுவார்கள். அச்சிடும்போது பாட்டுக்கு மேலே 'இன்ன பாட்டின் மெட்டில்' என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று போடுவார்களே, அதேதான். பாரதியார் பாடல்கள் சிலவற்றின் தலையில் நந்தனார் சரித்திர வர்ணமெட்டு என்ற குறிப்பைப் பார்த்திருப்பீர்கள். மெட்டு ஊருக்குப் பொது, சொல் கட்டியவருக்குச் சொந்தம். இசைக்குறி படிக்கத் தெரியாதவர்கூட வாங்கிய அன்றைக்கே பாடிவிடலாம் என்பதால் செய்தித்தாளைவிட வேகமாகப் பாட்டு பரவியது. அரசுக்கு அது பிடிக்குமா? பெரான்ஜே என்ற ஷான்சொனியே 1821இல் தன் பாட்டுகளுக்காக மூன்று மாதம் சிறையில் இருந்தார். 1828இல் மறுபடியும் ஒன்பது மாதம். மெட்டுக்காக யாரும் சிறைக்குப் போனதில்லை, சொல்லுக்காகத்தான் போனார்.

சொல்லுக்குக் கூலி கேட்ட கதை ஒன்றும் உண்டு. 1847இல் பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் அம்பாஸதர் என்ற பாட்டு மன்றக் கடைக்கு மூன்று பேர் போனார்கள். எர்னெஸ்ட் பூர்ஜே பாட்டெழுதுகிறவர். விக்தோர் பாரிஸோவும் போல் ஆன்ரியோனும் மெட்டமைப்பவர்கள். அவர்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் அவர்களுடைய படைப்புகள் ஓடின. எழுந்து போகும் நேரத்தில் கணக்கு வந்தது. பணம் தர மறுத்துவிட்டார்கள். எங்கள் பாட்டுக்கு நீங்கள் காசு தருவதில்லை, உங்கள் பானத்துக்கு நாங்கள் ஏன் தரவேண்டும் என்பது அவர்கள் வாதம். விவகாரம் நீதிமன்றம் போனது, பாட்டுக்காரர்கள் பக்கம் தீர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1851இல் 'ஸாஸெம்' என்ற உரிமைச் சங்கம் உருவாகி இன்றும் இயங்குகிறது. அந்தச் சங்கத்தின் முழுப்பெயரில் முதலில் வருவது ஆசிரியர், அதாவது சொல் எழுதுகிறவர். அப்புறம்தான் இசையமைப்பவர், அப்புறம் பதிப்பவர். அந்த வரிசையைக் கவனித்தால் ஷான்சொன் என்ற சொல்லே பாதி புரிந்துவிடும்.

20ஆம் நூற்றாண்டில் இதற்கு இன்னும் அழுத்தமான பெயர் வந்தது: 'ஷான்சொன் ஆ தெக்ஸ்த்', சொல்லை நம்பி நிற்கும் பாட்டு. ஜார்ஜ் பிராஸான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸேத் என்ற துறைமுக ஊர்க்காரர். மேடையில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு காலை ஊன்றி, தொடையில் கிட்டாரை வைத்துக்கொள்வார். பின்னால் ஒருவர் பெரிய பாஸ் வயலினை மீட்டுவார். வேறு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டாக வேண்டும், அதற்குத்தான் அந்த எளிமை. 15ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வியோனின் செய்யுளுக்கும் மெட்டுப் போட்டார். 1967இல் பிரெஞ்சு அகாதெமி அவருக்குத் தன் கவிதைப் பரிசைக் கொடுத்தது. இசைப் பரிசு அல்ல, கவிதைப் பரிசு.

பிராஸான்ஸ், பெல்ஜியத்துக்காரரான ஜாக் பிரேல், மொனாக்கோவில் பிறந்த லியோ ஃபெரே, பார்பாரா ஆகியோரை முப்பெயரால் குறிப்பார்கள்: 'ஓத்தர்-கொம்போஸித்தர்-அன்தெர்பிரெத்'. எழுதுபவர், மெட்டமைப்பவர், பாடுபவர் மூவரும் ஒரே ஆள் என்று பொருள். ஆனால் தானே எழுதினால்தான் ஷான்சொன் என்று எண்ணிவிடக் கூடாது. எதித் பியாஃப் பாடியவற்றில் பெரும்பங்கு பிறர் எழுதியவை; அவரை விட்டுவிட்டு ஷான்சொன் வரலாறே இல்லை.

கியூபெக்கில் சொல் வேறு வழி போனது. பிரான்சில் ஷான்சொனியே என்றால் அரசியலைக் கிண்டல் செய்யும் மேடைக்காரர் என்றாகிவிட்டது. கியூபெக்கில் அதே சொல், 1950-60களில், கிட்டாரோடு தன் பாட்டைத் தானே பாடுகிறவரைக் குறித்தது. ஃபெலிக்ஸ் லெக்லேர், நதாஷ்குவான் என்ற தொலைதூரக் கரையோர ஊரிலிருந்து வந்த ழீல் வின்யோ எல்லாரும் அந்த வகை. அவர்கள் பாடிய சின்னச் சின்ன இடங்களுக்குப் 'புவாத் ஆ ஷான்சொன்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் எடுத்தால் பாட்டுப் பெட்டி.

இந்தப் பரம்பரையில் வந்ததுதான் பெத்தித்-வாலே விழா. அங்கே புதிதாகப் பாட்டுக் கட்டும் இளைஞர்களை விழாவுக்கு அழைத்துச் சேர்ந்து தங்கவைக்கிறார்கள். அவர்களை 'ஷான்சொனர்' என்கிறார்கள். மதுக்கடைகளில் பிறர் பாட்டைப் பாடுகிறவரும் ஷான்சொனியே என்று ஆகிவிட்டதால், கட்டுகிறவருக்கென்று தனியாக ஒரு பெயர். அவர்களுக்குத் துணையாக வரும் மூத்த பாடகருக்குப் 'பாஸர்' என்று பெயர். இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆற்றில் ஆளைக் கரை மாற்றி விடுகிறவரைப் பிரெஞ்சில் பாஸர் என்பார்கள். வாத்தியார் என்றோ நடுவர் என்றோ சொல்லாமல் ஓடக்காரர் என்கிறார்கள். விழாவின் இல்லமான நாடக அரங்கம் 'பழைய கொல்லுப்பட்டறை' என்றே பெயர் கொண்டது. 2017 ஆகஸ்டில் அது தீயில் எரிந்துபோனது. அடுத்த ஆண்டும் விழா நடந்தது.

வேறு மொழிகளுக்குப் போன ஷான்சொன் அங்கங்கே நிறம் மாறியிருக்கிறது. ரஷ்யாவில் அது சிறைவாசத்தையும் குற்ற உலகத்தையும் பாடும் நகரத்துப் பாட்டு. ஜப்பானில் பாரிஸ் வாசனை வீசும் மேடைப்பாட்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது?

மெல்லிசை என்ற சொல் இசையின் எடையைச் சொல்கிறது. கர்நாடக இசைக்கு எதிரில் நிறுத்தி, இது இலகுவானது என்று வகைப்படுத்தப் பயன்பட்ட சொல். ஷான்சொனின் அளவுகோல் அதுவல்ல; பிரேலின் குரலில் மென்மை எங்கே இருக்கிறது? இலங்கை வானொலி வளர்த்த மெல்லிசைப் பாடல்களை இங்கே மரியாதையோடு தனியாக வைக்க வேண்டும். உள்ளூர்க் கவிஞர் எழுத, உள்ளூர்க்காரர் மெட்டமைக்க, திரைப்படத்துக்கு வெளியே பிறந்த பாட்டுகள் அவை. ஈழத்தில் மெல்லிசை என்றால் ஷான்சொனுக்கு இன்னும் நெருங்கிய பொருள் வரும். தமிழ்நாட்டு வாசகருக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் கல்யாண வீட்டுக் கச்சேரிதான் நினைவுக்கு வரும்.

'சொல்லிசை' அழகான சொல், ஆனால் ராப் பாடகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், அது அவர்களுக்கே இருக்கட்டும். கீர்த்தனை என்றால் பக்தி வந்துவிடும். தொல்காப்பியத்தில் 'பண்ணத்தி' என்று ஒரு வகை உண்டு, பாட்டின் இயல்பு கொண்டது என்கிறார் தொல்காப்பியர். இன்று அதை எழுதினால் அதற்கே ஒரு விளக்கக் கட்டுரை வேண்டியிருக்கும். 'இசைப்பா' பரவாயில்லை. ஒன்பதாம் திருமுறையின் திருவிசைப்பாவால் காதுக்குப் பழகிய சொல். பா என்ற செய்யுள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இசை வகைகளைப் பிரித்துப் பேசும் கட்டுரையில் 'பிரெஞ்சு இசைப்பா' என்று எழுதலாம். மற்ற இடமெல்லாம் பாட்டு என்றே எழுதுங்கள். பிரெஞ்சுக்காரர் தாலாட்டையும் ஷான்சொன் என்கிறார், பிராஸான்ஸ் பாடியதையும் ஷான்சொன் என்கிறார். அத்தனை அகலமான சொல் நம்மிடம் பாட்டு ஒன்றுதான். ஒருவர் அலுத்துப்போன பேச்சையே திரும்பப் பேசினால் பிரெஞ்சில் 'எப்போதும் அதே ஷான்சொன்' என்பார்கள். நாம் 'பழைய பாட்டையே பாடுகிறான்' என்கிறோம்.

எழுதி, மெட்டமைத்து, பாடுகிற அந்த முப்பெயர்க்காரருக்கு என்ன சொல்? 'பாடகர்-பாடலாசிரியர்' என்று நடுவில் கோடு போட்டு எழுதுவது எனக்கு உறுத்துகிறது. தமிழ் இந்த வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்த மொழி என்பது உண்மை. பரிபாடலின் மூன்றாம் பாட்டுக்கு அடியில் பழைய குறிப்பு ஒன்று நிற்கிறது: கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை, பண்ணுப்பாலையாழ். எழுதியவர் ஒருவர், இசை வகுத்தவர் வேறொருவர், பண் இன்னது. இன்றைய இசைத்தட்டு உறையில் போடுகிற மாதிரியே இருக்கிறது. கர்நாடக இசையில் சொல்லும் இசையும் ஒருவரே செய்தால் வாக்கேயக்காரர் என்பார்கள். பொருள் சரி, ஆனால் கிட்டாரோடு கொல்லுப்பட்டறையில் பாடும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை அப்படி அழைத்தால் ஒட்டாது.

ஊர்ப்பக்கம் போனால் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது. அங்கே யாரும் பாட்டை இயற்றுவதில்லை, பாட்டுக் கட்டுகிறார்கள். 'அவர் மேலேயே பாட்டுக் கட்டிப் பாடிட்டான்' என்று சொன்னால், சொல்லும் மெட்டும் குரலும் ஒரே வாயிலிருந்து வந்தன என்று கேட்கிறவருக்கு விளங்கிவிடும். பூத்தொடுப்பவர் கை பூவையும் நாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கட்டுதல் என்ற வினையில் அது இருக்கிறது. அப்படிக் கட்டுகிறவர் பாட்டுக்காரர், பாட்டுக்காரி. ஷான்சொனர் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்க்கவில்லை. பாஸரை ஓடக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது விழாவின் பெயரில் ஷான்சொனுக்கு முன்னால் நிற்கும் 'ஆன்'. பிரெஞ்சில் 'ஆன் ஃப்ளர்' என்றால் பூத்திருக்கிறது, பூவும் தானுமாக நிற்கிறது என்று அர்த்தம். 'ஆன் ஷான்சொன்' அந்தச் சாயலில் அமைந்த தொடர். பெத்தித்-வாலேக்காரர்கள் தங்கள் ஊரையே 'விலாஜ் ஆன் ஷான்சொன்' என்கிறார்கள். உருபுகளை வைத்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆத்தூர், பூந்தோட்டம் என்று இடத்துக்குப் பெயர் வைத்த நமக்கு இதுவும் ஒரு சொல்லில் வந்துவிடும்: பாட்டூர். விழா, பாட்டூர் விழா.