பெட்ரோல் வண்டியின் ஆட்டோமேட்டிக்கை டீசல் பிக்கப்பில் மாட்டும் முன்

காசிமேட்டில் மீன் ஏற்றி கும்மிடிப்பூண்டி வரைக்கும் கொண்டுபோய்ப் போடுகிற தம்பி ஒருவர் போன மார்கழியில் ஒருநாள் விடியும் முன்பே போன் செய்தார். "அண்ணே, மூலக்கடை பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துது, வண்டி நகரவே மாட்டேங்குது. கருகுன நாத்தம் வேற வருது." கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்து, தண்டையார்பேட்டையில் என் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டார். பின்னால் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இன்ஜின் இழுக்கிற சக்கரம் தரையில் இருக்கும்போது ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் சுற்றும். இன்ஜின் நின்றிருக்கும்போது இழுத்தால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் சுற்றித் தேயும்.

கியர்பாக்ஸின் ஆயில் பேனைக் கழற்றினேன். சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்தால் கரகரவென்று தட்டுப்பட்டது. பேனின் அடியில் இருக்கிற காந்தத்தில் இரும்புத்தூள் பூனை மயிர் மாதிரி எழுந்து நின்றது. பாக்ஸுக்குள் இருக்கிற கிளட்ச் தட்டுகளின் லைனிங்கை நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. இந்த பாக்ஸை மாட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

வண்டி 2.5 லிட்டர் டர்போ டீசல், கம்பெனியில் மேனுவல் கியரோடு வந்தது. அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. தொழிலை விடவும் முடியாது. யாரோ ஒருவர் ஹாஃப் கட்டாக, அதாவது பாதியாக வெட்டப்பட்டு, வந்த ஒரு பெட்ரோல் ஜீப் வகை வண்டியின் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்து, நடுவில் இரண்டையும் பொருத்துகிற ஒரு அடாப்டர் பிளேட் அடித்து மாட்டிக் கொடுத்திருக்கிறார். "இந்த பாக்ஸ் உங்க டார்க்கைத் தாங்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இவரும் நம்பிவிட்டார். நம்பியதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் தாங்குமா என்கிற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வது எங்கள் தொழிலில் இருப்பவர்களே செய்கிற தப்பு.

தாங்குவது முக்கியம்தான். டார்க் என்றால் இன்ஜின் தண்டைத் திருப்புகிற பலம், அதை நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். இசட்.எஃப். கம்பெனியின் எட்டு கியர் பாக்ஸ்களின் பெயரிலேயே 45, 70 என்று இருக்கும், ஏறத்தாழ 450, 700 நியூட்டன் மீட்டர் என்று அர்த்தம். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 டீசலை மேனுவலில் வாங்கினால் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் வாங்கினால் 500. மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் டீசலின் சக்தி கூடிய வகையில் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்கில் 400. கியர்பாக்ஸைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்களே இன்ஜினுக்கு அளவு வைக்கிறார்கள். ஆனால் இந்தத் தம்பியின் வண்டி செத்தது அந்த அளவினால் இல்லை. இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற டார்க் கன்வெர்ட்டரினால்.

கன்வெர்ட்டருக்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இன்ஜின் சுற்றும், அது தள்ளுகிற ஆயில் இன்னொன்றைச் சுற்றும். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒன்று இருந்து ஆயிலைத் திருப்பி விடுவதால், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். வண்டியை நகரவிடாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் எந்த ஆர்.பி.எம்.மில் போய் நிற்கிறதோ, அதுதான் ஸ்டால் ஸ்பீடு. பெட்ரோல் இன்ஜினுக்கு இழுவை மேல் ஆர்.பி.எம்.மில்தான் வரும் என்பதால் அதன் கன்வெர்ட்டரை 2300, 2400 வரைக்கும் சுற்றவிடுகிற மாதிரி செய்வார்கள். டீசலுக்கு இழுவை கீழேயே இருக்கிறது. ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கில் அந்த 500 நியூட்டன் மீட்டர் 1600இலேயே வந்துவிடும். தடா தாண்டி ஸ்ரீசிட்டியில் இசுஸு செய்கிற வி-கிராஸ் 1.9க்கு 360 நியூட்டன் மீட்டர் 2000 முதல் 2500 வரை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கன்வெர்ட்டர் வாங்கிக்கொள்கிற டார்க், ஆர்.பி.எம்.மின் வர்க்கமாக ஏறும். 200 நியூட்டன் மீட்டர் பெட்ரோல் இன்ஜினில் 2300இல் நிற்கிற கன்வெர்ட்டரை 320 நியூட்டன் மீட்டர் டீசலின் பின்னால் மாட்டினால், அது கிட்டத்தட்ட 2900 வரைக்கும் ஓடி, அங்கேதான் பிடிக்கும். டீசலின் நல்ல இழுவையெல்லாம் அதற்குள் முடிந்துபோகும். இன்ஜின் கத்துது, வண்டி நகரல என்று தம்பி சொன்னதற்கு ஆரம்பம் இதுதான். கிளட்ச் கருகியது அதற்குப் பிறகு நடந்தது. அப்படியானால் ரொம்பக் கீழே வைத்தால் நல்லதா என்றால் அதுவும் இல்லை: 1200இல் கட்டிப்போட்டால் டர்போ காற்று ஏற்றுவதற்கு முன்பே இன்ஜின் அமுங்கி, கரும்புகை தள்ளும், சிக்னலில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கவேண்டியிருக்கும். இந்த அளவு டீசல் பிக்கப்புக்கு 1800இலிருந்து 2000 சொச்சத்துக்குள் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் கைப்பழக்கம்.

ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பார்கள். வண்டி நகராமல் 320 நியூட்டன் மீட்டரில் 2000 ஆர்.பி.எம். ஓடினால் அது 67 கிலோவாட். சக்கரத்துக்குப் போகாத அத்தனையும் ஆயிலைச் சூடாக்கும், அதாவது 67 இஸ்திரிப் பெட்டியை ஒரே ஆயில் சட்டியில் போட்ட மாதிரி. அதனால்தான் ஸ்டால் டெஸ்ட்டை ஐந்து விநாடிக்கு மேல் செய்யக் கூடாது என்கிறோம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் லோடோடு ஒரு மணி நேரம் ஊர்ந்து போகிற வண்டிக்கு ஏறக்குறைய இதேதான் சின்னச் சின்னதாக நடந்துகொண்டிருக்கிறது, கன்வெர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டுகிற லாக்-அப் கிளட்ச் அந்த வேகத்தில் பிடிக்காது. ஹைவேயில் மட்டும் ஓடுகிற வண்டி பிழைக்கும், நம்ம ஏரியா வண்டி பிழைக்காது. ரேடியேட்டருக்குள் இருக்கிற சின்ன ஆயில் கூலரை நம்பாமல் முன்னால் தனியாக ஒரு கூலர், அதற்கு ஒரு ஃபேன், டேஷ்போர்டில் கியர் ஆயில் சூடு காட்டும் மீட்டர், இந்த மூன்றும் இல்லாமல் நான் டீசல் ஆட்டோமேட்டிக்கை வெளியே அனுப்புவதில்லை. ஆயில் 120 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் அதன் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும்.

அடுத்தது கியர் மாறுகிற நேரம். பெட்ரோல் பாக்ஸ் 4000, 5000 என்று காத்திருக்கும், டீசல் அதற்குள் மூச்சு வாங்கிவிடும். 1989இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலைக் கொடுத்தபோது, 1962இலிருந்து பெட்ரோல் கார்களில் ஓடிக்கொண்டிருந்த மூன்று கியர் 727 பாக்ஸைத்தான் அதற்குப் பின்னால் வைத்தார்கள். அந்த இன்ஜினின் 160 குதிரைத்திறன் 2500 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும், அதற்குத் தக்கபடி கியர் மாறினால்தான் அந்த ஜோடி ஓடும். பெட்ரோல் பாக்ஸ் டீசலோடு சேரவே சேராது என்று நான் சொல்லவில்லை, சேர்த்தவர்கள் அதற்கான வேலையைச் செய்தார்கள். பழைய பாக்ஸ்களில் சில, இன்ஜினுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டின் வாக்குவத்தை, அதாவது உறிஞ்சுகிற இழுப்பைப் பார்த்து லோடைப் புரிந்துகொள்ளும். டீசலில் அந்த வாக்குவம் கிடையாது. இப்போதைய பாக்ஸ்களோ கியர் மாறுகிற நொடியில் இன்ஜினிடம் கொஞ்சம் டார்க்கைக் குறைக்கச் சொல்லும், இரண்டு கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் அந்த அடி முழுக்க கிளட்ச் தட்டுகளில்தான் விழும். டீசலின் துடிப்பும் பெட்ரோலைவிட முரட்டுத்தனமானது, லாக்-அப்பில் துடிப்பைத் தணிக்கிற டேம்பர் ஸ்பிரிங்குகள் அதற்கென்று செய்யப்படாதவை என்றால் உடைந்து உள்ளேயே சுற்றும்.

தம்பிக்கு இதையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னேன். விற்றுவிட்டு கம்பெனி ஆட்டோமேட்டிக்காகவே வாங்குவதுதான் நல்லது என்றும் சொன்னேன். அதற்குக் காசு இல்லை. சரி, அதே குடும்பத்து டீசல் இன்ஜினோடு பிறந்த பாக்ஸ், அதன் கன்வெர்ட்டர், கம்ப்யூட்டர், வயரிங், கூலர் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைத்தால் மட்டும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தேட ஏழு வாரம் ஆனது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன். வண்டியில் மாற்றம் செய்வதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது, அதைப் பார்க்காமல் கை வைக்கிறவர்கள் விபத்து நடக்கும் நாளில் மாட்டிக்கொள்வார்கள்.

மாட்டும்போது பையன்கள் அவசரப்படுகிற ஒரு இடம் உண்டு. கன்வெர்ட்டரைப் பாக்ஸில் தள்ளும்போது மெதுவாகச் சுற்றிக்கொண்டே தள்ளவேண்டும். டொக், டொக், டொக் என்று மூன்று முறை உள்ளே இறங்கும், கடைசி டொக் பம்பின் பல்லில் உட்காருகிற சத்தம். கன்வெர்ட்டரைச் சுற்றி மூடுகிற பெல் ஹவுசிங்கை இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்றவேண்டும், இன்ஜின் பக்கம் இருக்கிற ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவில் 3, 4 மில்லிமீட்டர் இடம் இருக்கவேண்டும். இடமே இல்லாமல் போல்ட்டை வைத்து இழுத்தால் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே பம்ப் உடையும். என் பட்டறையில் அந்த இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து நானே பார்ப்பேன், வேறு யாரையும் விடமாட்டேன்.

ஸ்டால் 1950 காட்டியது. அடுத்த நாள் ஐஸும் மீனுமாக முழு லோடு வைத்து, நான் பக்கத்து சீட்டில் உட்கார, அதே மூலக்கடை பாலத்தில் ஏறினோம். கியர் ஆயில் மீட்டர் 94 டிகிரியைத் தொட்டது. மாதவரம் தாண்டுவதற்குள் 86க்கு இறங்கிவிட்டது.