மயில் குஞ்சை அடைகோழியிடம் விடாதீர்கள்

சோளத்தட்டு அறுக்கும் நாட்களில் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு மயில் குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் வந்து சேரும். காங்கேயம், பல்லடம் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் புதரடியில் முட்டையைப் பார்த்ததும், நாய் தின்றுவிடுமே என்று எடுத்துவந்து அடைகோழிக்கு வைத்துவிடுகிறார்கள். தன் முட்டைக்கு 21 நாள் படுக்கிற கோழி, இதற்கு 28 நாள் கிடந்து பொரித்தும் விடுகிறது. சிக்கல் அதற்கப்புறம்தான்.

ஒரு அம்மா கூடையில் குஞ்சோடு வந்தார். இறக்கை தொங்கிப்போய், கண் சொருகி நின்றது. கூடைக்குள் விரித்திருந்த துணியில் மஞ்சளைக் கரைத்து ஊற்றியதுபோல எச்சம். "ஏனுங்க சார், கூட இருக்கிற கோழிக்கு ஒண்ணும் இல்லீங்களே, இது மட்டும் ஏனுங்க இப்படித் தூங்கி வழியுது?" என்றார். சரியான கேள்வி. பதிலும் அந்தக் கோழியிடம்தான் இருக்கிறது.

இந்த நோய்க்குப் பெயர் 'பிளாக்ஹெட்'. ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் கிருமி, கோழியின் குருட்டுக்குடலில் (குடலில் பை போல இருக்கும் பகுதி) வாழும் சிறு புழுவின் முட்டைக்குள் ஒளிந்து எச்சத்தோடு மண்ணுக்கு வருகிறது. அந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். மண்புழுவும் அதைத் தின்று சுமக்கும். நாட்டுக்கோழிக்கு இதனால் பெரும்பாலும் வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகாது. மயிலுக்கும் வான்கோழிக்கும் அந்தத் தாக்குப்பிடிக்கும் திறன் கிடையாது. கோழியோடு சேர்ந்து கிளறித் தின்னும் மயில் குஞ்சுக்குக் குருட்டுக்குடல் வீங்கி, கிருமி கல்லீரலுக்கு ஏறிவிடும். இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் கல்லீரலில் வட்ட வட்டமாக உள்ளே குழிந்த புள்ளிகள் தெரியும். அந்த அளவுக்கு முற்றிய பிறகு மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது மிகவும் கடினம். மஞ்சள் எச்சத்தைப் பார்த்த அன்றைக்கே கொண்டுவந்தால்தான் முயன்று பார்க்க முடியும்.

எச்சத்தில் ரத்தம் கலந்திருந்தால் அது ரத்தக்கழிச்சல். ஈரமான தரையில் நெருக்கி அடைத்தால் வரும். வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கினால் மூச்சுக்குழாயில் புழு இருக்கலாம். எதற்கும் கடையில் நீங்களாக மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது, எடுக்காமல் இருப்பது. ஆள் நடமாட்டம் இருந்தால் தாய் மயில் பதுங்கிவிடும். நீங்கள் விலகிய பிறகு பெரும்பாலும் திரும்பி வரும். அறுவடையில் கூடு தென்பட்டால் அதைச் சுற்றி நாலடி தட்டை விட்டுவிட்டு அறுங்கள். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் தாயோடு நடந்து போய்விடும்.

தாய் செத்துக் கிடக்கிறது, குஞ்சு தனியாகக் கத்துகிறது என்றால் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். வனத்துறையினர் வரும்வரை அதற்குத் தேவை சூடு. பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பல்பு வெளிச்சம் படட்டும். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவு வேண்டும். சூடு அதிகமானால் தள்ளிப்போய் நிற்க மறுமூலை வேண்டும். அடியில் செய்தித்தாள் போடாதீர்கள், வழுக்கிக் கால் அகன்றுவிடும். சாக்கு போதும். தண்ணீரை ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் தலை கவிழ்ந்து மூழ்கும். மயில் குஞ்சு தானாகக் கொத்தச் சற்றுத் தயங்கும். தாய் அலகில் பிடித்துக் காட்டினால்தான் வாங்கித் தின்னும். அதனால் வேகவைத்து உதிர்த்த முட்டையையோ கரையானையோ இடுக்கியால் முகத்துக்கு முன் காட்டுங்கள். பால் வேண்டாம், பறவைக்குச் செரிக்காது. வெறும் நொய்யும் போதாது, அதற்குப் புரதம் நிறைய வேண்டும். கோழி மேய்ந்த வாசலில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

வளர்க்கலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆசையாக வளர்த்தாலும் சட்டம் அதேதான். மனிதர் கையில் வளர்ந்த குஞ்சு நாய்க்கும் ஆளுக்கும் பயப்படாது என்பதால், பிறகு காட்டில் விட்டாலும் நிலைக்காது.

வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லும்போது, குஞ்சு கிடைத்த வயல் எது, எப்போது எடுத்தீர்கள், கோழியோடு இருந்ததா என்று மூன்றையும் சொல்லுங்கள். தாய் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. கோழியோடு இருந்திருந்தால் மற்றப் பறவைகளிடமிருந்து தனியே வைக்கவும் அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.